மடல் போகவில்லை, வரவும் இல்லை: மேசைக் கணினியில் மின்னஞ்சல் நின்றுபோனால் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் மின்னஞ்சலைக் கைத்தொலைபேசியில் மட்டும் பார்ப்பவர்கள் பெருகிவிட்டாலும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் வரவேற்பு மேசைகளிலும், உவர்மலையிலுள்ள அலுவலகங்களிலும், மூதூர், கிண்ணியாப் பாடசாலைகளின் அலுவலக அறைகளிலும் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட் மென்பொருளை நாள் முழுவதும் திறந்துவைத்து மடல் எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படியான கணினி ஒன்றில் மின்னஞ்சல் திடீரென்று நின்றுவிட்டால், பலரும் முதலில் செய்வது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியத்தைத்தான்: கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. அதனால் பல வருட மடல்கள் திரும்பக் கிடைக்காமலே போய்விடலாம். கோளாறோ பெரும்பாலும் ஒரு கடவுச்சொல்லிலோ, ஓர் இலக்கத்திலோ, கணினியின் திகதியிலோ இருக்கும். ஆகவே எதையும் அழிக்காமல், எங்கே தடைப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் முறையைப் புதிதாகக் கணினி பழகுபவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் தபாற்பெட்டியில் கடிதம் போடுவதும், தபாற்காரர் நம் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருவதும் எப்படி இரண்டு வேறு ஏற்பாடுகளோ, அப்படியே மின்னஞ்சலை அனுப்புவதும் பெறுவதும் இரண்டு வேறு வேலைகள். அனுப்புவதற்கு 1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையே, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறையே, இன்றும் பயன்படுகிறது. பெறுவதற்கு, மடல்களை நிறுவனத்தின் கணினியிலேயே வைத்துக் காட்டும் ஐமேப், அல்லது நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பொப் 3 என்னும் வேறு நெறிமுறைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சேர்வர் (மடல்களைக் கையாளும் நிறுவனத்தின் கணினி), தனிப் போர்ட் இலக்கம் (அந்தக் கணினிக்குள் நுழையும் வாயிலின் எண்) உண்டு. மென்பொருளுக்குள் கடவுச்சொல்லும் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தனித்தனியே சேமிக்கப்படுகிறது. ஒரே முகவரி, ஒரே சாளரம் என்பதால் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. எந்தப் பக்கம் நின்றுபோனது என்று அறியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர், சரியாக இருந்த பக்கத்தையும் கெடுத்துக்கொள்வார்.

உலாவியில் பார்த்துவிட்டு வாருங்கள்

மின்னஞ்சல் மென்பொருளை அப்படியே விட்டுவிட்டு, குரோம் அல்லது பயர்பொக்ஸ் உலாவியில் ஏதாவது ஓர் இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். அது வராவிட்டால் கோளாறு மின்னஞ்சலில் இல்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது, ரவுட்டரின் விளக்குகள் எரிந்தாலும் இணையம் திரும்பியிருக்காது. ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிடம் விட்டு, மீண்டும் போட்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்திருங்கள். விடுதி அல்லது உணவகத்தின் பொது வைஃபையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அத்தகைய இணைப்புகள் பலவற்றில் உலாவியில் ஒரு நுழைவுப் பக்கம் வந்து, அதில் சம்மதம் தெரிவித்த பின்னரே இணையம் திறக்கும். அதுவரை மின்னஞ்சல் மென்பொருள் காரணம் எதையும் சொல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இணையம் வருகிறதென்றால், உலாவியிலேயே உங்கள் மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைந்து, உங்கள் முகவரிக்கே ஒரு சிறு மடல் அனுப்புங்கள். அது போய், இன்பொக்ஸில் வந்தும் சேர்ந்தால் கணக்கு நலமாக இருக்கிறது. கோளாறு மென்பொருளிலோ கணினியிலோ இடையிலுள்ள இணைப்பிலோ இருக்கிறது. உலாவியிலும் நுழைய முடியாவிட்டால், அல்லது மடல் போகாவிட்டால், மென்பொருளின் அமைப்புகளில் எதையும் தொடாதீர்கள். கடவுச்சொல் மறந்ததா, கணக்கு பூட்டப்பட்டதா, இடம் நிரம்பியதா என்பதை உலாவியே சொல்லிவிடும்.

சொந்த இணையப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் விடுதிகளும் கடைகளும் இந்த இடத்தில் தங்கள் இணையத்தளம் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இணையத்தளமும் மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றிருந்தால், இணையப் பெயரின், அல்லது தளத்தையும் மடல்களையும் வைத்திருக்கும் சேர்வரின் இடவாடகையின், வருடக் கட்டணம் தவறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நினைவூட்டல் மடல், வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பது இங்கே புதிதல்ல.

எந்தப் பக்கம் நின்றது

இப்போது மென்பொருளுக்கு வாருங்கள். தண்டர்பேர்ட் என்றால் ‘கெட் மெசேஜஸ்’ பொத்தானையும், அவுட்லுக் என்றால் ‘சென்ட் ரிசீவ்’ பொத்தானையும் அழுத்துங்கள். உலாவியிலிருந்து அனுப்பிய சிறு மடல் இங்கே வந்து சேர்கிறதா? வந்தால் பெறும் பக்கம் வேலை செய்கிறது. பின்னர் மென்பொருளிலிருந்து, எந்தக் கோப்பும் இணைக்காமல், ஒரு வரி எழுதி உங்களுக்கே அனுப்புங்கள். போனால் அனுப்பும் பக்கமும் வேலை செய்கிறது. அப்போது சிக்கல் குறிப்பிட்ட ஒரு மடலிலோ ஒரு பெறுநரின் முகவரியிலோ இருக்கிறது.

இரண்டும் நின்றிருந்தால் பொதுவான காரணங்களைத் தேட வேண்டும்: மென்பொருள் இணையத்திலிருந்து விலகிய நிலையில் இருப்பது, கடவுச்சொல், கணினியின் திகதி, வைரஸ் தடுப்பு மென்பொருள். அனுப்புவது மட்டும் நின்றிருந்தால் எஸ்.எம்.டி.பி. அமைப்புகளையும், அனுப்பக் காத்திருக்கும் மடல்கள் நிற்கும் அவுட்பொக்ஸையும் பாருங்கள். பெறுவது மட்டும் நின்றிருந்தால் அஞ்சற்பெட்டி நிரம்பியிருப்பதும், பொப் 3 கணக்கை வேறொரு கணினியும் பயன்படுத்துவதுமே அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

விலகிய நிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவுட்லுக்கில் ‘சென்ட் ரிசீவ்’ பட்டையில் ‘வேர்க் ஓஃப்லைன்’ என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் சாளரத்தின் கீழ் இடது மூலையிலுள்ள சின்னஞ்சிறு குறியை அழுத்தினால் இணைப்பு மீளும். தவறுதலாகக் கை பட்டு இது நிகழ்ந்துவிடும்.

செய்தியை வாசியுங்கள்

மென்பொருள் ஒரு பிழைச் செய்தியைக் காட்டினால், அதை மூடுவதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி ஆங்கிலத்தில் நீளமாக இருப்பதைக் கண்டு பலர் வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள். ஆனால் முழுவதும் விளங்க வேண்டிய தேவை இல்லை, அதற்குள்ளிருக்கும் மூன்று இலக்க எண்ணைத் தேடினால் போதும். அனுப்பும் சேர்வர் தரும் எண் 4 என்று தொடங்கினால் தடை தற்காலிகமானது. 421 என்பது சேர்வர் இப்போது சேவை தர முடியாத நிலையில் இருக்கிறது என்பதாகும், சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். 5 என்று தொடங்கினால் எதையாவது திருத்தாமல் திரும்பத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. 535 என்பது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பது. 550 வந்தால், பெறுநரின் முகவரி இல்லை, அல்லது அடையாளம் காட்டாமல் அனுப்ப முயன்றிருக்கிறீர்கள். 552 பெரும்பாலும் அளவு மீறியதைக் குறிக்கும். எண் எதுவும் இல்லாமல், சேர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்ற பொருளில் செய்தி வந்தால், கடவுச்சொல் கேட்கப்படும் இடத்துக்கே கணினி போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். அப்போது சேர்வரின் பெயர், போர்ட் இலக்கம், இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கடவுச்சொல்

எனது அனுபவத்தில் மிகுதியான நேரத்தை விழுங்குவது இதுதான். ‘கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, உலாவியில் அதே சொல்லால் நுழைய முடிகிறது’ என்று மனமுடைந்து சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால் பெரிய நிறுவனங்கள் மின்னஞ்சல் மென்பொருள்களிடமிருந்து வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டன. கூகிள், தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் அந்த வசதியை விலக்கிக்கொண்டது. மைக்ரோசொப்ட் தனது தனிநபர் அவுட்லுக், ஹொட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பர் 16இல் விலக்கிக்கொண்டது.

அதற்குப் பதிலாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது ஓஓத் 2 எனப்படும் முறை: மென்பொருள் ஒரு சிறு உலாவிச் சாளரத்தைத் திறக்கும், அதில் நீங்கள் நுழைந்து அனுமதி தந்தால், கடவுச்சொல்லைச் சேமிக்காமலே மென்பொருளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கிடைக்கும். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்து, சரிபார்ப்பு முறை என்ற இடத்தில் ‘ஓஓத் 2’ஐத் தெரிவுசெய்யுங்கள். இதைப் பெறும் சேர்வருக்கும் அனுப்பும் சேர்வருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்; ஒன்றில் மாற்றி மற்றதை மறப்பதால்தான் ‘மடல் வருகிறது, ஆனால் போகவில்லை’ என்ற நிலை பலருக்கு ஏற்படுகிறது. நுழைவுச் சாளரம் வெறுமையாகவே நின்றால், தண்டர்பேர்டின் தனியுரிமை அமைப்பில் குக்கீகள் (இணையத்தளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி செயலிக் கடவுச்சொல். அவுட்லுக் 2010, 2013 போன்ற பழைய மென்பொருள்களில் ஜிமெயில் கணக்கைப் பயன்படுத்துவோருக்கு இதுவே வழி. கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு வழியிலும் உங்களை உறுதிசெய்வதை) முதலில் இயக்கினால்தான், 16 எழுத்துகள் கொண்ட இந்தத் தனிக் கடவுச்சொல்லை உருவாக்க முடியும். அதை மென்பொருளில் வழமையான கடவுச்சொல்லுக்குரிய இடத்தில் இடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கூகிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால், முன்பு உருவாக்கிய செயலிக் கடவுச்சொற்கள் யாவும் செல்லாமற்போகும். கைத்தொலைபேசியில் கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் நிற்பதற்குக் காரணம் அதுவே. மைக்ரோசொப்ட்டின் தனிநபர் கணக்கு வைத்திருப்போருக்கு, ஓஓத் 2 அறியாத பழைய மென்பொருள் இனி உதவாது. மென்பொருளைப் புதுப்பிப்பதே வழி.

பழைய கடவுச்சொல் மென்பொருளுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. தண்டர்பேர்டில் அமைப்புகள், அதில் தனியுரிமையும் பாதுகாப்பும், அதில் சேமித்த கடவுச்சொற்கள் என்று போனால் ஒரு பட்டியல் வரும். உங்கள் ஒரே முகவரிக்கு அங்கே இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று ஐமேப் என்றும் மற்றது எஸ்.எம்.டி.பி. என்றும் தொடங்கும். இரண்டையும் நீக்கிவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால், அது புதிதாகக் கேட்கும். ஒரு வரியை மட்டும் நீக்கி நிம்மதியடைந்துவிட வேண்டாம்.

சேர்வரும் போர்ட் இலக்கமும்

கடவுச்சொல் சரியென்று உறுதியானால் அடுத்தது அமைப்புகள். பெறும் பக்கத்தில் ஐமேப் என்றால் போர்ட் 993, பொப் 3 என்றால் 995. இரண்டுக்கும் பாதுகாப்பு முறை, அதாவது மடலையும் கடவுச்சொல்லையும் வழியில் பிறர் வாசிக்காதபடி மறைக்கும் முறை, எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். அனுப்பும் பக்கத்தில் போர்ட் 465 என்றால் பாதுகாப்பு முறை எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்., 587 என்றால் ஸ்டார்ட் டி.எல்.எஸ். இந்தச் சோடிகளைக் குழப்பக் கூடாது. 587ஐ இட்டு எஸ்.எஸ்.எல். முறையைத் தெரிவுசெய்தால், இலக்கமும் சரி, முறையும் சரி, ஆனால் இரண்டும் பொருந்தாததால் கணினி பதிலுக்குக் காத்திருந்து ஓய்ந்துபோகும். பாதுகாப்பு முறையை ‘இல்லை’ என்று மாற்றினால் வேலை செய்யும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி மாற்றினால் உங்கள் கடவுச்சொல் பொது வைஃபையில் மறைப்பின்றிப் பயணிக்கும்.

போர்ட் 25 என்று எங்காவது இருந்தால் மாற்றிவிடுங்கள். அது சேர்வர்கள் தமக்குள் மடல் பரிமாறிக்கொள்வதற்கு உரியது. வேண்டாத மடல்களைத் தடுப்பதற்காக இணைய நிறுவனங்கள் பல அதை அடைத்து வைத்திருக்கின்றன.

அவுட்லுக்கில் ‘எனது அனுப்பும் சேர்வருக்குச் சரிபார்ப்புத் தேவை’ என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிடப்படாவிட்டால், முன்பு சொன்ன 550 வரலாம். தண்டர்பேர்டில் அனுப்பும் சேர்வர்களின் பட்டியல் கணக்கு அமைப்புகளின் கடைசியில் தனியாக இருக்கும். ஒரே கணினியில் இரண்டு மூன்று முகவரிகள் வைத்திருப்போர், ஒவ்வொரு முகவரியும் தனக்குரிய அனுப்பும் சேர்வரோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடுதியின் முகவரி உரிமையாளரின் ஜிமெயில் சேர்வரோடு பிணைக்கப்பட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இணைய நிறுவனத்தை மாற்றியவர்களுக்கு ஒரு குறிப்பு. முன்பு மென்பொருளை அமைத்துத் தந்தவர் அனுப்பும் சேர்வராகப் பழைய இணைய நிறுவனத்தின் சேர்வரை இட்டிருந்தால், அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்குள் இருக்கும்போது மட்டுமே மடல்களை ஏற்கும். கம்பி இணைப்பை விட்டு வேறொரு நிறுவனத்தின் 4ஜி ரவுட்டருக்கு மாறிய அன்றே அனுப்புவது நின்று, பெறுவது மட்டும் வழமைபோல நடக்கும். மின்னஞ்சல் முகவரி எந்த நிறுவனத்தினுடையதோ அதன் அனுப்பும் சேர்வரையே இட்டால், எந்த இணைப்பிலிருந்தும் அனுப்பலாம்.

இணைப்பில்தான் தடை என்று ஐயம் இருந்தால், கைத்தொலைபேசியின் டேட்டாவைக் கணினியோடு பகிர்ந்து முயன்று பாருங்கள். அதில் வேலை செய்து ரவுட்டரில் வேலை செய்யாவிட்டால், ரவுட்டரிலோ இணைய நிறுவனத்திலோ தடை இருக்கிறது. அல்லது தவறான கடவுச்சொல்லைப் பலமுறை இட்டதால் மின்னஞ்சல் சேர்வர் உங்கள் இணைப்பின் முகவரியைத் தற்காலிகமாகத் தடுத்திருக்கிறது. சொந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்போருக்குப் பின்னது அடிக்கடி நிகழும். அலுவலகத்தின் மூலையில் ஒருவரும் பயன்படுத்தாத பழைய கணினி ஒன்று, பழைய கடவுச்சொல்லால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டிருந்தால், எல்லாக் கணினிகளுக்கும் தடை விழும்.

திகதியும் பழைய மென்பொருளும்

கணினிக்கும் சேர்வருக்கும் இடையிலான மறைப்பு, சான்றிதழ் ஒன்றை நம்பியிருக்கிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கணினி முடிவு செய்து இணைப்பை மறுத்துவிடும். பழைய மேசைக் கணினிகளில் மின்வெட்டுக்குப் பின் இது நிகழ்கிறது: தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் திகதி பழைய நிலைக்குத் திரும்பும். திரையின் வலது கீழ் மூலையில் வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் சரியாக இருந்து வருடம் தவறியிருந்தாலும் போதும், மின்னஞ்சல் நிற்கும். விண்டோஸின் நேர வலயத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இலங்கை 2006 ஏப்ரல் 15 முதல் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் பயன்படும் பற்றரியின் இலக்கம் 2032. கணினி திருத்துமிடங்களில் எளிதாகக் கிடைக்கும்.

விண்டோஸ் 7இல் இன்னும் வேலை செய்வோருக்கு வேறொரு தடை உண்டு. டி.எல்.எஸ். என்னும் மறைப்பு முறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021இல் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த பழைய மென்பொருளைப் புதிய சேர்வர்கள் ஏற்பதில்லை. அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்பட்டால், இதை எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரியிலும், விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 இறுதியிலும் முடிந்துவிட்டன. அவற்றைத் திருத்த நேரம் செலவிடுவதை விட, இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசித் தண்டர்பேர்ட் பதிப்பு 115.

வைரஸ் தடுப்பு மென்பொருள் சில, மின்னஞ்சலைச் சோதிப்பதற்காகக் கணினிக்கும் சேர்வருக்கும் நடுவில் நின்று, தமது சொந்தச் சான்றிதழைக் காட்டும். அவாஸ்டில் ‘மெயில் ஷீல்ட்’, ஏ.வி.ஜி.யில் ‘ஈமெயில் ஷீல்ட்’ என்ற பகுதி இது. சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை வந்தால், அந்தப் பகுதியை மட்டும் பத்து நிமிடம் நிறுத்தி முயன்று பாருங்கள். முழு மென்பொருளையும் அகற்ற வேண்டாம்.

அவுட்பொக்ஸில் சிக்கிய மடல்

நிலாவெளிக் கடற்கரை விடுதி ஒன்றில், பருவகாலம் தொடங்கும் நேரத்தில், பயண முகவர் ஒருவருக்கு அறைகளின் படங்கள் அனுப்பப்பட்டன. கமெராவிலிருந்து எடுத்தபடியே ஆறு படங்கள், மொத்தம் நாற்பது மெகாபைட்டுக்கு மேல். அந்த மடல் போகவில்லை என்பது மட்டுமன்றி, அதற்குப் பின் எழுதப்பட்ட முன்பதிவு உறுதி மடல்களும் அதன் பின்னால் வரிசையாக நின்றுவிட்டன. மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பெரிய மடலை அனுப்ப முயன்று, தோற்று, மீண்டும் தொடங்கியது. அதனால் டேட்டாவும் தீர்ந்தது.

இப்படியான நிலையில், முதலில் ‘வேர்க் ஓஃப்லைன்’ நிலைக்கு மாறி, மென்பொருளை மூடி மீண்டும் திறந்து, அவுட்பொக்ஸிலுள்ள பெரிய மடலை வரைவுகள் கோப்புறைக்கு இழுத்துவிடுங்கள். அனுப்பிக்கொண்டிருக்கும் மடலை அவுட்லுக் நகர்த்த விடாது என்பதால்தான் இந்த வரிசை. பின்னர் இணைப்பை மீட்டால், மற்ற மடல்கள் போய்விடும். படங்களைச் சிறிதாக்கியோ, கூகிள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி அதன் முகவரியை மட்டும் மடலில் வைத்தோ அனுப்பலாம். ஜிமெயிலில் இணைக்கும் கோப்புகளுக்கு எல்லை 25 மெகாபைட். சொந்தப் பெயருக்கான சேர்வர்களில் அது குறைவாகவும் இருக்கலாம். கோப்பு மடலுக்குள் எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கிறது. ஆகவே முழு மடலுக்கும் 20 மெகாபைட் எல்லை வைத்திருக்கும் சேர்வர் 16 மெகாபைட் கோப்பையும் திருப்பிவிடும். உங்கள் சேர்வர் ஏற்றாலும் பெறுநரின் சேர்வர் மறுக்கலாம் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பெறுவது மட்டும் நின்றால்

கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட், ஜிமெயிலுக்கு மட்டும் உரியதல்ல. டிரைவுக்கும், கைத்தொலைபேசியிலிருந்து ஏறும் படங்களுக்கும், அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் வட்ஸ்அப் சேமிப்புக்கும் பொதுவானது. அலுவலக முகவரியை யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் இணைத்திருந்தால், கலியாண வீட்டுக் காணொளிகள் ஏறி அலுவலகத்தின் அஞ்சற்பெட்டியை நிரப்பிவிடும். நிரம்பினால் உங்களுக்கு வரும் மடல்கள் அனுப்பியவருக்கே திரும்பும். கணக்கைத் திறந்துபார்க்கும் வரை உங்களுக்கு அது தெரியாது. உலாவியில் நுழைந்து பெரிய கோப்புகளை நீக்கி, குப்பைக் கோப்புறையையும் வெறுமையாக்கினால்தான் இடம் கிடைக்கும்.

பொப் 3 முறை மடலைக் கணினிக்கு இறக்கியபின் சேர்வரிலிருந்து நீக்கிவிடக் கூடியது. ஒரே கணக்கை இரண்டு கணினிகளில் இப்படி அமைத்திருந்தால், காலையில் முதலில் திறக்கப்படும் கணினி எல்லா மடல்களையும் எடுத்துக்கொள்ளும். மற்றவர் தமக்கு மடலே வருவதில்லை என்பார். இரண்டு கணினிகளிலும் ‘சேர்வரில் பிரதியை வைத்திரு’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். முடிந்தால் ஐமேப்புக்கு மாறுங்கள். ஐமேப்பில் வேறு எல்லை உண்டு: ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே வேளையில் 15 ஐமேப் இணைப்புகளையே ஏற்கும், தண்டர்பேர்டோ ஒவ்வொரு கணக்குக்கும் ஐந்து வரை திறக்கும். மூன்று கணினிகளும் இரண்டு கைத்தொலைபேசிகளும் ஒரே முகவரியைப் பார்த்தால் ஒன்று வெளியே நிற்கும். சேர்வர் அமைப்பின் மேம்பட்ட பகுதியில் இணைப்புகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தால் போதும்.

மடல் வந்திருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் நடக்கும். வாசிக்காதவை மட்டும் என்ற வடிகட்டி இயங்குகிறதா, திகதி வரிசை தலைகீழாக இருக்கிறதா, ஸ்பாம் கோப்புறைக்குப் போயிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மின்னஞ்சல் நின்றிருக்கும் நேரம் பார்த்து, ‘உங்கள் அஞ்சற்பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்திக் கடவுச்சொல்லை உறுதிசெய்யுங்கள்’ என்ற மடல் ஏதாவது முகவரிக்கு வந்தால் அதை நம்பி அழுத்தாதீர்கள். கணக்கின் முகவரியை உலாவியில் நீங்களே தட்டச்சு செய்து நுழைந்து பாருங்கள். அவசரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தே இத்தகைய மடல்கள் எழுதப்படுகின்றன.

கணக்கை நீக்கிச் சேர்ப்பதற்கு முன்

இவ்வளவும் பார்த்த பின்னரும் சரிவராவிட்டால் கணக்கை நீக்கிச் சேர்க்கலாம். ஐமேப் என்றால் மடல்கள் சேர்வரில் இருக்கும், திரும்ப இறங்கிவிடும். பொப் 3 மடல்கள் என்றாலோ, மென்பொருளுக்குள் நீங்கள் உருவாக்கிய உள்ளூர்க் கோப்புறைகள் என்றாலோ, அவை இந்தக் கணினியில் மட்டுமே இருக்கக் கூடும். தண்டர்பேர்டில் உதவிப் பட்டியலிலுள்ள ‘டிரபிள்ஷூட்டிங்’ பக்கத்தைத் திறந்தால், மடல்களும் அமைப்புகளும் இருக்கும் சுயவிவரக் கோப்புறைக்கான பொத்தான் இருக்கும். அதைத் திறந்துவைத்து, தண்டர்பேர்டை மூடி, முழுக் கோப்புறையையும் பென் டிரைவில் பிரதி எடுங்கள். அவுட்லுக்கில் பொப் 3 கணக்கின் மடல்கள் பெரும்பாலும் ஆவணங்களுக்குள் இருக்கும் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ கோப்புறையிலுள்ள பி.எஸ்.டி. கோப்பில் இருக்கும், அதை மென்பொருள் மூடியிருக்கும்போது பிரதி எடுங்கள். பிரதி எடுத்த கோப்பின் அளவும் மூலக் கோப்பின் அளவும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே கணக்கில் கை வையுங்கள்.

நிறுவனத்தின் உதவிப் பிரிவைத் தொலைபேசியில் அழைப்பதானால், எந்தப் பக்கம் நின்றது, உலாவியில் வேலை செய்கிறதா, கைத்தொலைபேசியின் டேட்டாவில் வேலை செய்கிறதா, பிழைச் செய்தியிலுள்ள எண் என்ன, எந்தப் போர்ட் இலக்கம் இடப்பட்டிருக்கிறது என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அவர்களுக்கும் சொல்லாதீர்கள். உண்மையான உதவிப் பிரிவினருக்கு அது தேவைப்படுவதில்லை. ஐமேப் கணக்கைப் புதிதாகச் சேர்த்த பின், பழைய மடல்கள் எல்லாம் மீண்டும் இறங்கத் தொடங்கும்; பெரிய அஞ்சற்பெட்டி என்றால் அதற்குப் பல மணி நேரமும் நிறைய டேட்டாவும் செல்லும் என்பதால், அந்த வேலையை மாலையில் அலுவலகம் மூடும் நேரத்தில் தொடங்கி, கணினியை இரவு முழுவதும் இயங்க விட்டுச் செல்லுங்கள்.